பாரதம் படித்தவரும் வேடம் கட்டியவரும்

காஞ்சி மாநகருக்கு வடபால் அமைந்த கூரம், அளவில் சிற்றூரேயாயினும் வரலாறு பயில்வோர் நன்கறிந்த ஊராகும். வைணவப் பெரியார் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது. அங்குக் கிடைத்த பல்லவர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி இன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. எனினும் நம் கட்டுரைக்கு இவற்றினும் வேண்டப்படுவன கூரத்துச் செப்பேடுகளே. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் வடமொழியிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டவை அவை.

அச்செப்பேடுகள் ஒரு கொடையைக் கூறுகின்றன. பரமேசுவரமங்கலம் என்னும் ஊர் 25 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. மூன்று பங்கு கோயில் வழிபாட்டையும் பழுதுபார்த்தலையும் செய்வோர்க்கு. ஒரு பங்கு கூரத்து மண்டபத்தில் நீரும் நெருப்பும் தருதற்கு. ஒரு பங்கு அம்மண்டபத்தில் பாரதம் படித்தற்கு. எஞ்சிய 20 பங்கு நான்மறை கற்ற 20 அந்தணர்க்கு. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் வட்டாரத்தில் பாரதக் கதையைப் பலர் கேட்கப் படிப்பதற்கு நிலம் ஒதுக்கப்பட்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. வரலாற்று ஆசிரியர் பலர் இதனைப் பெருமையுடன் எடுத்துக்காட்டுவர். நாமும் பெருமை கொள்வோம். ஆயினும் நம் கண் மற்றோர் இடத்திற் சென்று நிற்கின்றது. பாரதத்தைப் படிப்பவனுக்குச் செப்பேட்டில் பங்குண்டு. அதே பாரதத்தை மெய்யில் ஏற்றி, முகத்தில் எழுதி, விடிய விடிய ஆடிக்காட்டும் கூத்தனுக்கு எந்த ஏட்டில் பங்கு உண்டு?

பாரதம் படித்தல் இன்றும் நம் பக்கத்தில் நின்றுவிடவில்லை. காஞ்சிபுரம், செய்யாறு, ஆரணி, வந்தவாசி வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பங்குனி தொடங்கி ஆடி வரையில் பாரத விழா நடைபெறும். உழவு வேலை ஓய்ந்திருக்கும் காலம் அது. பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் படித்துப் பொருள் சொல்லுவார். அன்று பகலில் படித்த பகுதியை இரவில் கூத்தர் ஆடுவர். இறுதி நாளில் படுகளம், மாலையில் தீமிதி. படிப்பு ஒரு பாதி, கூத்து மறு பாதி. இரண்டும் சேர்ந்தாலன்றி விழா நிறைவுறாது. ஆனால் மரியாதை இரண்டிற்கும் ஒன்றாக இருந்ததில்லை. பிரசங்கியார்க்குப் பொன்னாடையும் 'ஐயா' என்னும் விளியும். வேடம் கட்டியவனுக்குக் 'கூத்தாடி' என்னும் வசை. 'வேஷம் போடுகிறான்' என்றால் ஏமாற்றுகிறான் என்று பொருள்படும்படி ஊர் தன் மொழியையே அமைத்துக்கொண்டது.

கூத்து நம் சமுதாயத்திற்கு மட்டுமே உரிய கலை என்று நாம் கூற வரவில்லை. அவ்வாறு கூறின் அது வரலாறு ஆகாது. வன்னியர், வண்ணார், நாவிதர், பண்டாரம், ஆதிதிராவிடர் எனப் பல குலத்தாரும் இதனைக் காத்து வந்துள்ளனர். ஊர்த் தெருவிற்கு ஒரு ஜமா என்றால், சேரிக்கும் தனி ஜமா உண்டு. இவருள் பெரும்பாலோர் பகலில் கூலிக்கு உழைத்தோர் என்பதும், எவருடைய பெயரும் கல்லிலோ செம்பிலோ ஏறவில்லை என்பதுமே நாம் சுட்ட விழைவன.

இனி வேடம் கட்டும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம். நம் இளைஞருள் பலர் கூத்தைப் பார்த்திருப்பர். கூத்தன் முகம் எழுதுவதைப் பார்த்தவர் சிலரே.

விளக்கு வைத்தபின் ஜமா ஊருக்குள் வந்து சேரும். கோயிலை ஒட்டிய திண்ணையோ, பள்ளிக்கூடத் தாழ்வாரமோ, ஓலை வேய்ந்த பந்தலோ அன்றைக்கு ஒப்பனை அறையாகும். வேடப் பெட்டிகளைத் திறந்து, தரையில் பாய் விரித்து, கையகலக் கண்ணாடியை முட்டுக் கொடுத்து நிறுத்தி அமர்வர். மேடை நாடகத்தில் இருப்பதுபோல் ஒப்பனைக்கெனத் தனி ஆள் கூத்தில் இல்லை. தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதத் தெரியாதவன் முழுக் கூத்தனாக மாட்டான். சிறுவர்கள் முதலில் பெரியவர்க்குக் கண்ணாடி பிடிப்பர். பிறகு நிறம் குழைப்பர். அதன் பின்னரே தம் முகத்தில் கை வைப்பர்.

முதலில் முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவுதல். பின் அடிநிறத்தை உள்ளங்கையில் எண்ணெயோடு குழைத்து நெற்றியிலிருந்து கழுத்து வரை ஒரே சீராகப் பூசுதல். எண்ணெயில் குழைத்த நிறமே வியர்வைக்கு நிற்கும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆடுபவனுக்கு நீரில் கரைத்த நிறம் ஒரு நாழிகையும் தாங்காது. அடிநிறம் அமைந்தபின் மையால் புருவத்தை மேலேற்றி வளைத்தல், கண்ணைக் காது நோக்கி நீட்டல், மீசை எழுதுதல். அதன்மேல் மெல்லிய ஈர்க்கை வெள்ளையில் தோய்த்துப் புருவத்தின் மேலும் கன்னத்திலும் புள்ளியும் கோடும் இடுதல். இந்தப் புள்ளிகளை வெறும் அழகுக்கு என்று எண்ணிவிடல் கூடாது. கூட்டத்தின் கடைசியில் தரையில் அமர்ந்திருக்கும் கிழவிக்கும் புருவம் ஏறுவதும் கன்னம் துடிப்பதும் தெரியவேண்டும். அதற்குப் பயன்படுவன இப்புள்ளிகளே. துரியோதனனுக்குச் சிவந்த முகம். கண்ணனுக்குப் பச்சையோ நீலமோ. வாய் திறந்து பெயர் சொல்லுமுன் நிறம் பெயர் சொல்லிவிடும். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் இரவு முழுதும் படித்த எழுத்து இது என்று நாம் கருதுகின்றோம்.

முகம் முடிந்தபின் உடல். கால்சட்டைக்கு மேல் துணிகளை அடுக்கிக் கட்டி இடுப்பைப் பருக்கச் செய்வர், காலில் சலங்கை. அதன்பின் கட்டைகள். தலைக்குக் கிரீடம், தோளுக்குப் புஜக்கட்டை, மார்புக்கு மார்புக்கட்டை. கலியாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கி, நிறம் தீட்டி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டியவை இவை. கட்டை கட்டி ஆடும் வேடமே இக்கூத்தின் உயிர். ஆதலின் இதனைத் தெருக்கூத்து என்பதைவிடக் கட்டைக்கூத்து என்பதே தகும் என்று கூத்தருள் ஒரு சாரார் வாதிடுவர். தலையில் துணியை இறுகச் சுற்றி அதன்மேல் கிரீடத்தைக் கட்டும்பொழுது மட்டும் மற்றொருவன் கை வேண்டும். தளர்ந்தால் ஆட்டத்தில் சரியும். இறுகினால் விடியுமுன் தலை வெடிப்பதுபோல் வலிக்கும். முக்கிய வேடம் ஒன்று முழுதும் கட்டி முடிய இரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். இந்த இரண்டு மணி நேரத்தை எவரும் கூலியில் சேர்த்துக் கணக்கிட்டதில்லை.

பெண் வேடமும் நெடுங்காலம் ஆண்களே கட்டினர். துகிலுரிதலில் திரௌபதி வேடத்திற்குக் கற்பூரம் காட்டி வணங்குதல் இவ்வட்டாரத்து வழக்கம். சற்று முன் திண்ணையில் அமர்ந்து பீடி குடித்துக்கொண்டே முகத்திற்கு மஞ்சள் பூசிக்கொண்டவன்தான் அவன் என்பது வணங்குவோர் அனைவர்க்கும் தெரியும். தெரிந்தும் வணங்குவர். அந்த முகத்தை எழுதிய கையின் ஆற்றல் அத்தகையது.

நிறங்களைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஒப்பனை செய்துகொள்வதற்கே தமிழில் 'அரிதாரம் பூசுதல்' என்று பெயர். அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறக் கனிமம். சித்த மருத்துவ நூல்கள் இதனைத் தாளகம் என்று கூறிப் பாடாண வகையில் வைக்கும். பாடாணம் என்றால் நஞ்சு. சிவப்புக்குரிய சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் கூடியது. முன்னாளில் வெள்ளைக்கு ஈயமும் பயன்பட்டதுண்டு. துத்தநாகத்தால் ஆன முத்துவெள்ளை வந்தபின்னர்தான் அந்த ஒரு நிறத்தின் கேடு நீங்கிற்று. மருத்துவன் நிறுத்து எடுத்துச் சுத்தி செய்து கையாள வேண்டிய பொருளைக் கூத்தன் எண்ணெயில் குழைத்து முகமெங்கும் பூசி, இரவு முழுதும் வியர்வையோடு ஊறவிட்டான். கண் எரிச்சலும் தோல் கருத்தலும் கூத்தர்க்குப் பரம்பரைச் சொத்தாயின. இன்று கடையில் விற்கும் நிறங்கள் வந்துவிட்டன. அவற்றினும் மலிவானவை, சுவருக்கும் பொம்மைக்கும் பூசும் சாயத்திற்கு உறவானவை உண்டு. கூத்தில் ஈடுபடும் நம் பிள்ளைகள் விலை குறைந்ததென்று கண்டதைப் பூசிக்கொள்ளாதிருத்தல் வேண்டும். ஆடி முடித்ததும் தேங்காய் எண்ணெயால் துடைத்தெடுத்துவிட்டே முகம் கழுவவேண்டும்.

விளக்கு மாறியபொழுதெல்லாம் முகமும் மாறிற்று. தீவட்டி வெளிச்சத்திற்காக அமைந்தவை பழைய நிறங்கள். அசைந்தாடும் அந்த மஞ்சள் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் உயிர்பெற்று எழும். கண்ணாடிச் சில்லுகள் ஆயிரம் தீப்பொறியாகத் தெறிக்கும். பின்னர்ப் பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தது. பின்னர்க் குழல் விளக்கு. வெண்ணிற ஒளி எதனையும் மறைக்காது. பூச்சின் திட்டும் திரையின் கிழிசலும் தெரிந்துவிடும். சென்னையில் 1891ஆம் ஆண்டு பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியபின், கற்றவர் மேடைக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று. அவர்தம் ஒப்பனை மனித முகத்தை மனித முகமாகவே காட்ட முயன்றது. அந்தக் கண்ணோடு கூத்தைப் பார்த்தவர், அப்பூச்சு நயமற்றது, முரட்டுத்தனமானது என்றனர். அரண்மனைச் சுவரோவியத்தைக் கைப்பிடிக்குள் வைத்துப் பார்த்துவிட்டுக் கோடு தடித்திருக்கிறது என்பது போன்றதே இது.

அண்டை நாடான கேரளத்தை நோக்குவோம். கதகளியில் முகத்தின் ஓரத்தில் அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்து எழுப்பும் வெண்ணிற வரம்பிற்குச் சுட்டி என்று பெயர். அதனை இடுபவர் சுட்டிக்காரர் எனப்படுவார். நடிகர் மல்லாந்து படுத்திருக்க, அவர் மணிக்கணக்கில் அமர்ந்து செய்வார். அதற்கெனப் பயிற்சி உண்டு. கலாமண்டலத்தில் பாடம் உண்டு. அவருக்கெனப் பெயரும் உண்டு. இங்கோ ஆடுபவனே எழுதுகிறான். எழுதுபவன் என்ற பெயர் மட்டும் அவனுக்கு இல்லை.

வடகேரளத்துத் தெய்யம் நமக்கு இன்னும் நெருங்கியது. மலையர், வண்ணார், புலையர் முதலிய ஒடுக்கப்பட்ட குலத்தாரே அங்குத் தெய்வக் கோலம் கட்டுவர். முகமெழுத்து முடிந்து, முடி சூடி, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்த அக்கணத்தில் அவர் தெய்வமாகிறார் என்பது நம்பிக்கை. அதன்பின் உயர்சாதியாரும் அவர்முன் கைகூப்பி நின்று வாக்குக் கேட்பர். பொட்டன் தெய்யத்தில், வழியை விட்டு விலகு என்ற சங்கராசாரியாரைப் புலையன் ஒருவன் கேள்வி கேட்டு மடக்குகிறான். முகத்தில் வண்ணம் இருக்கும்வரையில் அவன் கேட்கலாம். வண்ணம் கழுவியபின் கேட்க முடிந்ததா என்பதுதான் நம் வினா. அங்கும் இங்கும் இரவின் அரசன் பொழுது விடிந்ததும் தனிக் குவளையில் தேநீர் வாங்கிக் குடித்த காலம் நெடிது.

வேடத்தால் உயர்ந்தோன் தாழ்ந்தோனாவதும் உண்டு. சிலப்பதிகாரம் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களைக் கூறுமிடத்துக் கடையம் என்னும் ஆடலைக் குறிக்கிறது. இந்திரன் மனைவி அயிராணி வயலில் நின்று உழத்தி கோலத்தில் ஆடியது அது. வானவர் கோமகள் வயற்காட்டுக் கடைசி பெண்ணின் கோலத்தை விரும்பிப் புனைந்தாள். அக்கோலம் இழிவானதாகக் கருதப்படவில்லை, கலையாகவே போற்றப்பட்டது. அதே கடைசியரின் வழித்தோன்றலை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது பிற்காலம்.

பிற்காலத்தில் நம் கோலத்தைப் பிறர் எவ்வாறு புனைந்தனர் என்பதற்கு நந்தனாரே எடுத்துக்காட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை ஊர்தோறும் பரவிற்று. பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் என்னும் நிலக்கிழார் அதில் புகுந்தார்; அடிமையின் கண்ணீர் மேடைக்கு நல்ல சரக்காயிற்று. திரைப்படத்தில் 1935ஆம் ஆண்டு கே. பி. சுந்தராம்பாளும், 1942ஆம் ஆண்டு எம். எம். தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தனர். இருவரும் இசையில் பெரியோர்; அவர்தம் கலையைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. எனினும் நம் குலத்து அடியார் ஒருவரின் முகத்தைத் தமிழ்நாடு அறிந்தது பிறர் பூண்ட வேடத்தின் வழியேதான்.

கடல் கடந்தும் இதற்கு இணை உண்டு. அமெரிக்க நாட்டில் 1830ஆம் ஆண்டையொட்டி வெள்ளையர் எரித்த தக்கைக் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, அடிமை நீக்ரோவரை எள்ளி ஆடும் நாடகங்களை நடத்தினர். ஜிம் குரோ என்பது அவ்வாறு ஒருவர் கட்டிய வேடத்தின் பெயர். பிற்காலத்தில் கறுப்பினத்தாரை ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கே அது பெயராயிற்று. அச்சட்டங்களின் முதுகெலும்பை முறிக்க 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. முகத்தில் பூசும் கரி எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனி நம் முன்னோர் எழுப்பிய கடினமான வினாவுக்கு வருவோம். பறையடித்தலும் கூத்தாடுதலும் நமக்கு வேண்டா என்று நம் பெரியவர் பலர் முடிவு செய்தனர். இளையபெருமாள் போன்ற தலைவர்கள், சாவுக்குப் பறையடிக்கும் கட்டாய ஊழியத்தை விடுமாறு ஊர் ஊராகச் சென்று கூறினர். பள்ளிக்கூடத்திற்குச் செல்லவேண்டிய பிள்ளை இரவெல்லாம் கண்விழித்துப் பெட்டி சுமக்கலாகாது என்று தந்தையர் கருதினர். சில வீடுகளில் கட்டைகள் அடுப்பெரிந்தன. அதனைத் தவறு என்று இன்று எளிதாகக் கூறிவிடுவோர் உளர். நாம் அவ்வாறு கூறோம். ஊர் அழைத்தால் மறுக்க இயலாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற நிலையில் இருப்பது கலையன்று, ஊழியம். ஊழியத்தை எரித்தவர்கள் அதனோடு ஒட்டியிருந்த கலையையும் சேர்த்து எரிக்கவேண்டியதாயிற்று. அவ்வாறு எரித்ததால்தான் நம்மிற் பலர் இன்று எழுதுகோல் பிடிக்கின்றோம்.

மறுக்கும் உரிமை கிடைத்தபின்னரே ஏற்கும் உரிமை பொருளுடையதாகும். 1990களில், அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுந்த எழுச்சியில், பறையும் கூத்தும் நம் மேடைகளுக்கு வேறு முகத்தோடு திரும்பி வந்தன. நாட்டுப்புறவியல் அறிஞரும் பாடகருமான கே. ஏ. குணசேகரன் (1955–2016) 'பலி ஆடுகள்' நாடகத்தை இயற்றினார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார். சேரியிற் பிறந்த ஒருவர் பேராசிரியராக நின்று ஆட்டத்தைக் கற்பித்தது நம் வரலாற்றில் சிறிய செய்தியன்று.

நம் காஞ்சியிலும் அதே ஆண்டுகளில் ஒரு முயற்சி நிகழ்ந்தது. கூத்தர் பி. இராசகோபாலும் ஆலந்து நாட்டு ஆய்வாளர் ஹன்னே டி புருயின் அம்மையாரும் பிற கூத்தரும் சேர்ந்து 1990ஆம் ஆண்டு கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தனர். 2002ஆம் ஆண்டு புஞ்சரசந்தாங்கல் சிற்றூரில் குருகுலம் தொடங்கினர். பகலில் பள்ளிப்பாடம், அதனுடன் கூத்துப் பயிற்சி என்பது அதன் முறை. பெண் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர்; நூற்றாண்டுகளாக ஆண்கள் கட்டிய திரௌபதியைப் பெண்ணே கட்டினாள். அத்துடன் நில்லாமல் துரியோதனனையும் கட்டினாள். கல்வியா, கூத்தா என்று நம் தந்தையர் தவித்த வினாவுக்கு அக்குருகுலம் ஒரு விடையாக விளங்கிற்று. 2020ஆம் ஆண்டு அது மூடப்பட்டது.

ஆடுவோர் இன்றும் ஆடுகின்றனர். கருமகாரியத்தன்று கர்ண மோட்சம் வைக்கும் வழக்கம் நம் பக்கத்துக் குடும்பங்களில் தொடர்கிறது. தந்தையை இழந்த மகன், கொடுத்தே மடிந்த கர்ணனின் சாவைக் கண்டு விடியற்காலையில் அழுது ஆறுகின்றான். அந்த இரவிற்காகவேனும் கர்ணன் முகத்தை எழுதத் தெரிந்த ஒருவர் இவ்வட்டாரத்தில் இருக்கவேண்டியிருக்கிறது.

கூரத்துச் செப்பேட்டில் 25 பங்கு. நம் சங்கத்திற்கு 25 ஆண்டு. எண் பொருந்துவது தற்செயலேயாயினும் ஒரு பணிக்கு அது நமக்கு நினைவூட்டலாகட்டும். தத்தம் வீடுகளில் பழைய கிரீடமோ புஜக்கட்டையோ வேடப் பெட்டியோ வைத்திருக்கும் உறுப்பினர் அதனைப் பழைய மரச்சாமானுக்குப் போடாமல் வைத்திருக்க வேண்டுகின்றோம். அதனைக் கட்டியவர் யார், எந்த வேடம் கட்டினார், எந்த ஊர்களில் ஆடினார், நிறத்தை எவரிடம் குழைக்கக் கற்றார் என்பவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நம் மாணவர்கள் அவற்றை ஒரு குறிப்பேட்டில் படி எடுத்துச் சங்க நூலகத்தில் வைப்பர். பெயர்ப் பட்டியலுக்கென அக்குறிப்பேட்டின் முதல் இருபது பக்கங்கள் விடப்பட்டுள்ளன.